இரு தரப்பினரும் மருத்துவமனையில் அனுமதி

நெற்றியில் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவன் நடந்துதான் வந்தான். ரத்தம் புருவத்தில் இறங்கி, மூக்கோரமாக வழிந்து, சட்டைக் காலரில் ஊறியிருந்தது. முகத்தில் வலியைவிடக் கூச்சம்தான் அதிகம் தெரிந்தது. கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்கச் சொன்னால் சிலருக்கு வருமே, அந்த மாதிரி. அவனுக்குப் பின்னால் அவன் சித்தப்பா. அவருக்கும் பின்னால் அவன் மனைவி, ஒரு கையில் பிளாஸ்டிக் குடமும் இன்னொரு கையில் சுருட்டிய பாயுமாக. அடிபட்டு ஓடி வருகிறவர்கள் பாயை எடுத்துக்கொண்டு வருவதில்லை. பாய் வந்தால், தங்குவது என்று வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எதிர்க் கட்டிலில் முன்கை முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்த பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் வந்தவனுக்குப் பெரியப்பா முறை. காலையில் வயலில் நடந்த சண்டையின் எதிர்த் தரப்பு.

"வாங்க தம்பி. பிளேடா, அரிவாளா?" என்று கேட்டார்.

அடுத்த கட்டிலில் தோளில் தையலோடு உட்கார்ந்திருந்த அவர் மகன் சிரித்தான். "பிளேடுதாம்ப்பா. அரிவாள எடுக்கச் சித்தப்பாவுக்கு மனசு வராது. பாசம்."

"உன் தோள்ல மட்டும் எப்படி வந்துச்சாம் மனசு?" என்றார் சித்தப்பா.

என் அண்ணன் என் பக்கம் திரும்பி, "ரெண்டு பார்ட்டியும் ஏறியாச்சு. இனி டெப்போ வர்ற வரைக்கும் இறங்க மாட்டாங்க" என்றார். அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு அந்த வார்டில் படுத்திருந்தார். அவருக்குத் துணையாக நான் இருந்தேன்.

எனக்கு அங்கே இன்னொரு வேலையும் இருந்தது. மருத்துவமனைக்கு ஆண்டு விழா எடுக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். விழா மலருக்கு மருத்துவமனையின் வரலாற்றை எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். பத்திரிகையில் நிருபராக இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் கேட்டார்கள். நாட்டின் முதல் பொது மருத்துவமனை சென்னைக் கோட்டைக்குள், கும்பெனிச் சிப்பாய்கள் நோயில் விழுந்தால் கிடத்துவதற்காகத் தொடங்கப்பட்டது என்று படித்திருக்கிறேன். எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு அந்த வயது இல்லை. ஆனால் நீடாமங்கலத்திலிருந்து இந்தப் பக்கம் உள்ள கிராமங்களுக்கு இதுதான் முதல். வயதானவர்கள் இன்னும் தர்மாஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். மிராசுதார்கள் நிலம் கொடுத்தார்கள், செங்கல் கொடுத்தார்கள், உத்தரத்துக்குத் தேக்கு கொடுத்தார்கள். வாசல் கல்லில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பழைய கட்டடத்தில் மிச்சம் இருப்பது ஆண்கள் அறுவை வார்டு மட்டும். ஊரில் அதை வெட்டு வார்டு என்பார்கள்.

நிருபராக இருந்த காலத்தில் என் நாள் அந்த வார்டில்தான் தொடங்கும். காலையில் மருத்துவமனைப் புறக்காவல் நிலையத்துக்குப் போன் செய்து, "ஏதாவது இருக்கா?" என்று கேட்பேன். "ரெண்டு வெட்டு, ஒரு விஷம்" என்று பதில் வரும். மார்க்கெட் நிலவரம் சொல்வதுபோல இருக்கும் அந்தக் குரல். நான் எழுதிய சண்டைச் செய்திகள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் முடியும்: இரு தரப்பினரும் அரசு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டுள்ளனர்.

அந்த வாக்கியத்துக்கு ஒரு காரணம் உண்டு. இங்கே சண்டையில் ஒரு தரப்பு மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், மறு தரப்பு கைதாகும். இரண்டு தரப்பும் சேர்ந்தால், இரண்டு பேர் மீதும் வழக்கு, பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து ராஜி. ஆகவே அடித்தவனும் படுக்க வேண்டும். காயம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நெற்றியில் பிளேடால் ஒரு கீறல் போட்டால் ரத்தம் கொட்டும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. டாக்டர்களுக்கும் இது தெரியும். நேர்க்கோடாக, எலும்பைத் தொடாமல் ஓடும் அந்தக் கீறலைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தையல் போட்டு, சாதாரணக் காயம் என்று எழுதி, கட்டில் காட்டிவிடுவார்கள்.

இந்த வழக்கம் எவ்வளவு பழையது என்பதை மலர் வேலையின்போதுதான் தெரிந்துகொண்டேன். வார்டின் நர்ஸ் ஒரு பண்ணையாள் குடும்பத்திலிருந்து வந்தவர். கூலி நெல்லில் ஒரு படி கூடக் கேட்டதற்காக அவருடைய தாத்தாவைத் தென்னைமரத்தில் கட்டி வைத்துச் சவுக்கால் அடித்திருக்கிறார்கள். முதுகுத் தோல் உரிந்து தொங்கியதாக வீட்டில் சொல்வார்களாம். மயங்கியவரைப் பண்ணை வண்டியிலேயே ஏற்றி இந்த ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அதே வண்டியில், வண்டிக்காரனுக்குப் பக்கத்தில், பண்ணைக் காரியக்காரரும் தலையில் கட்டோடு வந்து இறங்கியிருக்கிறார். பண்ணையாள் தன்னைத் தாக்கினான் என்று அவர் அடுத்த கட்டிலில் படுத்துக்கொண்டார். "கட்டுக்குள்ள காயமே இல்லையாம் சார். ஒரே வாரத்துல அவரு வீட்டுக்குப் போயிட்டாரு. தாத்தா ஜெயிலுக்குப் போனாரு" என்றார் நர்ஸ். அந்தப் பண்ணையின் பெயர் வாசல் கல்லில் இருக்கிறது. இதையும் எழுதப் போவதாக விழாக் குழுச் செயலாளரிடம் சொன்னேன். "பிரசவம், காலரா, அம்மை ஊசி, இப்படி நல்லதா எழுதுங்களேன் சார்" என்றார் அவர்.

காலையில் நடந்த சண்டை வாய்க்கால் மடையில் தொடங்கியது. குறுவைக்குத் தண்ணீர் வந்திருந்தது. முறை யாருடையது என்பதில் பங்காளிகளுக்குள் பேச்சு வளர்ந்தது. பெரியவர் மடையில் மண்ணை வெட்டிப் போட்டார். சித்தப்பா மண்வெட்டியைத் திருப்பி, அதன் இரும்புப் பக்கத்தால் பெரியவரின் முன்கையில் அடித்தார். எலும்பு இரண்டாக முறிந்த சத்தம் பக்கத்து வயலில் கேட்டது என்று பெரியவரே பெருமை மாதிரி சொன்னார். மகன் ஓடி வந்தபோது அவன் தோளில் அரிவாள் விழுந்தது. அவனும் சும்மா இருக்கவில்லை. கையில் கிடைத்த மண்வெட்டிக் காம்பால் நாலு பக்கமும் வீசினான். சித்தப்பா பக்கம் நின்றிருந்த இந்த நெற்றிக் காயக்காரன் சேற்றில் குப்புற விழுந்தான். எழுந்தான். வாயிலிருந்து சேற்றைத் துப்பினான். ரத்தம் இல்லை. வீட்டுக்குப் போய்க் குளித்தும்விட்டான். அதற்குள் பெரியவரும் மகனும் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்ட செய்தி வந்தது. அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த சடங்கு. சித்தப்பா பிளேடு வாங்கி வந்தார்.

பணியில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். தையல் போட்டுவிட்டு, "ஒன்னுமில்ல, வீட்டுக்குப் போகலாம்" என்றார். சித்தப்பா போக மாட்டேன் என்றார். டாக்டர் பெருமூச்சோடு கட்டில் எண்ணை எழுதினார்.

டாக்டர் போனதும் சித்தப்பா கட்டிலோரம் குந்தினார். எங்கள் கட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் எல்லாமே காதில் விழுந்தது.

"காலைல டாக்டரம்மா வந்தா என்ன சொல்லணும்? தலை சுத்துது. வாந்தி வருது. கண்ணு மங்கலாத் தெரியுது. கேட்டாலும் சொல்லு, கேக்காட்டியும் சொல்லு."

"நிசமாவே தலை வலிக்குது சித்தப்பா."

"அதான். அப்படியே சொல்லு. நல்லா வருது உனக்கு."

மறுநாள் காலை டாக்டர் சுற்றி வந்தபோது அவன் சொன்னான். தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, கண் மங்கலாகத் தெரிகிறது. சொல்லிக் கொடுத்த அதே வரிசை. டாக்டர் நர்ஸைப் பார்த்துப் புன்னகை செய்தார். "எல்லாருக்கும் ஒரே வாத்தியார்தான் போல" என்றார். மாத்திரை எழுதிவிட்டு நகர்ந்தார். அவர் அடுத்த வார்டுக்குப் போன பிறகு இவன் கட்டிலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தான். கஞ்சியும் பித்தமுமாகத் தரையில் தெறித்தது.

எதிர்க் கட்டிலில் மகன் ஒரு கையால் தொடையில் தட்டினான். "அண்ணே, சூப்பர். டாக்டர் போனப்புறம் எடுக்கிறியே. டைமிங் பத்தல."

"விடுடா, அடுத்த ஷோவுக்குச் சரி பண்ணிக்குவான்" என்றார் பெரியவர்.

என் அண்ணன் சிரித்துவிட்டுத் தையல் இழுத்து முகம் சுளித்தார். வார்டே சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார், தன் தயாரிப்பு நன்றாக வந்திருக்கிறது என்ற திருப்தியில். அவன் மனைவி மட்டும் பழைய துணியால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பாடம் உண்டு. டாக்டர் வந்தால் அழ வேண்டும். வந்தபோது அழுதும் இருந்தாள். இப்போது அழவில்லை.

பத்து மணி டீ வந்தபோது அவனை எழுப்பினாள். கண்ணைத் திறந்தான். டம்ளரை வாங்க இடது கையை நீட்டினான். கை பாதி வழியில் நின்று, பிறகு மெத்தையில் விழுந்தது. ஏதோ சொன்னான். வாயில் வெற்றிலை வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் குழறியது. மறுபடியும் தூங்கிப்போனான். குறட்டை வந்தது. தூங்குகிறவனின் குறட்டை மாதிரி இல்லை. தண்ணீர் போகாத குழாயில் காற்று ஏறி இறங்குவதுபோல இருந்தது.

அவள் நர்ஸிடம் போனாள். "சிஸ்டர், அவரு எழுந்திரிக்க மாட்டேங்கிறாரு."

நர்ஸ் வேறொருவனுக்குக் குளுக்கோஸ் மாற்றிக்கொண்டிருந்தார். "காலைல பூரா நடிச்சாருல்ல, அசந்திருப்பாரு. தூங்கட்டும்மா."

அவள் சித்தப்பாவிடம் வந்தாள். "சின்ன மாமா, இது நடிப்பு இல்ல. டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிடுவோம்."

"எந்த உண்மைய? வாய மூடிக்கிட்டு ஒக்காரு."

அவள் உட்காரவில்லை. மறுபடியும் நர்ஸின் அருகே போய், குளுக்கோஸ் பாட்டில் இருந்த அவர் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை. ஆனால் வார்டு முழுக்கக் கேட்டது.

"நெத்தியில இருக்கிற வெட்டு நாங்க போட்டது. சின்ன மாமாதான் வீட்டுல வச்சு பிளேடால கீறினாரு. அதப் பாக்காதீங்க. அடி வேற எங்கயோ பட்டிருக்கு. அதப் பாருங்க."

சித்தப்பா எழுந்து வந்து அவளை அறைந்தார். கை முழுக்க விரித்து, கன்னமும் காதும் சேர விழுந்த அறை. அவள் மருந்துத் தள்ளுவண்டியில் மோதினாள். தட்டும் கத்தரிக்கோலும் தரையில் சிதறின. சத்தம் கேட்டுப் புறக்காவல் நிலையத்துப் போலீஸ்காரர் வாசலில் வந்து நின்றார். அவள் உதடு கிழிந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"எங்க அடி?" என்று நர்ஸ் கேட்டார். இப்போது அவர் குரல் மாறியிருந்தது.

"தெரியல. நான் வீட்டுல இருந்தேன். அவருக்கும் சொல்லத் தெரியல."

அவள் திரும்பி, நேராக எதிர்த் தரப்புக் கட்டிலுக்குப் போனாள். மகனின் முன்னால் நின்றாள்.

"தம்பி, உங்க அண்ணன எங்க அடிச்சீங்க? இடத்த மட்டும் சொல்லுங்க."

தொடையில் தட்டிய அவன் கை அப்படியே தொடையில் இருந்தது.

"வாயத் தொறக்காதடா" என்றார் பெரியவர். "போலீஸ் நிக்கிது. சொன்னா கொலை முயற்சி. உள்ளயே கெடப்ப."

அதுவும் உண்மைதான். அவன் சொன்னால் வழக்கு அவன் கழுத்தில் விழும். சொல்லாவிட்டால் எதிரே குறட்டை விட்டுக்கொண்டிருப்பவன் செத்துப்போவான். கட்டிலில் கிடந்தவனின் குறட்டை ஒரு கணம் நின்று, பிறகு மீண்டும் தொடங்கியது.

மகன் அப்பாவைப் பார்த்தான். வாசலில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தான். பிறகு நல்லாயிருந்த கையைத் தூக்கி, தன் வலது காதுக்குப் பின்னால் இரண்டு விரலை வைத்துக் காட்டினான். வாயைத் திறக்கவில்லை.

நர்ஸ் ஓடிப்போய்க் கிடந்தவனின் தலைமுடியை விலக்கினார். காதுக்குப் பின்னால் தோல் கிழியாமல், எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கி, நீலம் பாரித்துக் கிடந்தது. முடிக்குள் இன்னும் கொஞ்சம் சேறு ஒட்டியிருந்தது. டாக்டர் வந்தார். கண் இமைகளைத் திறந்து டார்ச் அடித்தார். வலது கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றது. அவர் முகம் வெளிறியதைப் பார்த்தேன். "தஞ்சாவூருக்கு வண்டி சொல்லுங்க. இப்பவே" என்றார். தலைக்கு ஸ்கேன் எடுக்க எங்கள் ஊரில் வசதி இல்லை.

ஸ்ட்ரெச்சர் வெளியேறியது. அவள் பாயையும் குடத்தையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். சித்தப்பா ஏறவில்லை. டாக்டரை வழிமறித்தார்.

"டாக்டரம்மா, இப்ப கொடுங்காயம்னு மாத்தி எழுதிடுவீங்கல்ல?"

டாக்டர் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்.

"உங்க பிளேடையும் சேத்து எழுதச் சொல்லுங்க சித்தப்பா" என்றான் மகன். அப்போது அவன் குரலில் கேலி இல்லை. அழுகைக்கு முந்தைய குரல்.

சித்தப்பா பக்கத்தில் நின்ற குளுக்கோஸ் கம்பியைப் பிடுங்கினார். பாட்டில் தரையில் உருண்டது. கம்பியின் அடியிலிருந்த இரும்புக் கால்கள் மகனின் தோளில் இறங்கின. தையல் பிரிந்து, கட்டுத் துணி நொடியில் சிவந்தது. அவன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தான். இரண்டாவது தடவை ஓங்கியபோது பெரியவர் எழுந்து, மாவுக்கட்டுப் போட்ட கையையே உலக்கைபோல வீசினார். சித்தப்பாவின் மூக்கு உடைந்தது. பெரியவரும் வலியில் கத்திக்கொண்டு மடங்கி உட்கார்ந்தார், கட்டு விரிந்துபோன கையை மடியில் வைத்துக்கொண்டு. நர்ஸ் நடுவில் புகுந்தார். போலீஸ்காரர் சித்தப்பாவைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தார். என் அண்ணன் தலையணையை வயிற்றில் அணைத்தபடி, "கம்பிய வாங்குங்கய்யா, மொதல்ல கம்பிய வாங்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தரையில் குளுக்கோஸும் ரத்தமும் ஒன்றாக ஓடின. ஈ மொய்க்கத் தொடங்கியதும் துப்புரவுப் பெண் வாளியோடு வந்தார். வாளியும் துடைப்பமும் வாசலுக்கு வெளியிலேயே தயாராகத்தான் இருந்தன.

அன்று சாயங்காலமே சித்தப்பாவும் அதே வார்டில் சேர்க்கப்பட்டார். இந்தத் தடவை காயம் நிஜமானது.

தஞ்சாவூரில் மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள் என்று நர்ஸ் சொன்னார். உயிர் இருக்கிறது, அதற்கு மேல் தெரியாது. அண்ணனை டிஸ்சார்ஜ் செய்து வீட்டில் விட்டேன். "போய்ப் பாத்துட்டு வாடா. அன்னிக்கு நானும் சிரிச்சேன்" என்றார். பஸ் ஏறினேன்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அவன் தலை மழிக்கப்பட்டு, காதுக்கு மேலே லாடம் மாதிரி ஒரு தையல் ஓடியது. கண் திறந்திருந்தான். இடது கை போர்வைக்கு வெளியே, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. நெற்றியில் பிளேடுக் கீறல் ஆறித் தழும்பாகிக்கொண்டிருந்தது. அவன் மனைவி கஞ்சியை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயோரத்தில் வழிந்ததை விரலால் தள்ளி உள்ளே விட்டாள். இரண்டு தரப்பிலிருந்தும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்றாள். ஊரில் ராஜி பேசுகிறார்களாம். ராஜியின் முதல் நிபந்தனை, வார்டில் சொன்னதை அவள் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும்.

நான் இருக்கும்போதே எங்கள் ஊர் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் அட்டை வைத்து, வாக்குமூலம் எழுதினார். அவள் வரிசையாகச் சொன்னாள். கொழுந்தன் மண்வெட்டிக் காம்பால் காதுக்குப் பின்னால் அடித்தது. சின்ன மாமா பிளேடால் நெற்றியைக் கீறியது, பொய் சொல்லச் சொன்னது, தன்னை அறைந்தது. ஏட்டு பாதியில் நிறுத்தினார்.

"ஒரே புகார்ல ரெண்டு தரப்பையும் எதிரியாப் போட முடியாதும்மா. கேஸ் நிக்காது. நீ எந்தத் தரப்பு?"

"அப்ப ரெண்டா எழுதுங்க."

"யோசிச்சுச் சொல்லு. அந்தப் பையன் கைய காட்டலைன்னா இவரு இன்னிக்கு இல்ல. அவன் மேலயும் குடுக்கிறியா?"

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"அடிச்சதையும் எழுதுங்க. காட்டுனதையும் எழுதுங்க. ரெண்டும் நடந்துச்சுல்ல."

"ரெண்டு வீட்டுலயும் உன்ன வாசப்படி ஏற விடமாட்டாங்க."

"தெரியும்."

ஏட்டு என்னைப் பார்த்தார். அன்று வார்டில் இருந்தீர்களா என்று கேட்டார். இருந்தேன், பார்த்தேன், சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவர் எழுதிய தாளை மடித்து அட்டைக்கு அடியில் செருகிவிட்டு, பையிலிருந்து புதிதாக ஒரு தாளை எடுத்தார். மேலே தேதியை எழுதி, "ரெண்டாவே எழுதிக்கிறேன். மொதல்லேருந்து சொல்லும்மா, மெதுவா" என்றார். அவள் புருஷனின் வாயை ஒரு தடவை துடைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.